நாலடிச் சந்து

எனக்கு மதிய வெயில்தான் பிடிக்கும், ஐயா. ஒரு கட்டடத்தின் குறை நிறையெல்லாம் அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும்.

அந்த நூலகம் நூறு வருடத்துக்கு மேல் பழையது. அதன் பின்பக்கத்தோடு சேர்த்து ஒரு கண்ணாடி வாசிப்புக்கூடம் வரைந்து தரச் சொன்னார்கள். வரைந்தேன். பழையதும் புதியதும் ஒன்றாகக் கலக்க வேண்டுமானால் நடுவிலிருந்த செங்கல் சுவர் போக வேண்டும். ஒரு கல்லைக்கூடத் தொடக்கூடாது என்றது தொல்லியல் துறை. வேலைக்குப் பொறியாளர் என் அக்காவின் கணவர். அவரும் அவர்கள் பக்கம்தான்.

"சுவர் அது பாட்டுக்கு நிக்கட்டும்டா. நீ நாலடி தள்ளிக் கட்டிட்டுப் போயேன்."

நாலடி தள்ளினால் நடுவில் ஒரு சந்து விழும். நாய் படுத்துக்கொள்ளலாம்.

நிதானமாகத்தான் யோசித்தேன். சுவர் தானாக விழுந்தால் அதே கல்லை அடுக்கித் திரும்பக் கட்டச் சொல்வார்கள். அடியில் ஓர் ஆள் மாட்டிக்கொண்டால் அந்தப் பேச்சே வராது, மிச்சத்தையும் இடிக்கச் சொல்லிவிடுவார்கள். கூலிக்கு வந்தவர் என்றால் ஊர் சீக்கிரம் மறந்துவிடும். நாலு பேருக்குத் தெரிந்த ஆளாக இருக்க வேண்டும். அவர் சாவில் என்னை யாரும் சந்தேகப்படவும் கூடாது. அப்படி எனக்கு ஒருவர்தான் இருந்தார்.

அஸ்திவாரப் பள்ளம் தோண்டியிருந்ததால் சுவருக்கு இரும்பு முட்டுக் கொடுத்திருந்தோம். ஆட்கள் சாப்பிடப் போனதும் ஓரத்து முட்டுகளை எடுத்துவிட்டு, விரிசல் பெரிதாகிவிட்டதென்று அத்தானைக் கூப்பிட்டேன். வந்தவர் என் பேச்சை நம்பி நேரே பள்ளத்தில் இறங்கினார்.

"எங்கடா? ஒண்ணும் காணோமே."

"இன்னும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்க, அத்தான்."

போனார். நடு முட்டுக்கம்பியைச் சம்மட்டியால் தட்டினேன். செங்கற்களுக்கு அடியிலிருந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அது அடங்கும்வரை இருந்துவிட்டு, பிறகு ஆட்களைத் தேடி ஓடினேன்.

மிச்சச் சுவரையும் இடிக்க உத்தரவு வந்தது. கூடம் நான் நினைத்தபடியே, ஒட்டுத் தெரியாமல் வந்தது. அதற்கு அத்தான் பெயரை வைக்கச் சொன்னதும் நான்தான். திறப்பு விழாவில் அக்கா என் தோளில் சாய்ந்து அழுதாள்.

"இனி எனக்கு உன்னை விட்டா யாருடா இருக்கா?"

எனக்கு மனசு கேட்கவில்லை. அவர் வீணாகச் சாகவில்லை என்று தெரிந்தால் ஆறுதலாக இருக்குமே என்று நேற்று அவளை உட்காரவைத்து எல்லாவற்றையும் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். செருப்புக்கூடப் போடாமல் அவள் ஏன் இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடி வந்தாள் என்பதுதான், ஐயா, எனக்கு இன்னும் விளங்கவில்லை.