வெல்லச் சீடை வெடித்த காலை

படார்.

நான் ஓடுகிறேன். ஹாலைத் தாண்டி. வாசலைத் தாண்டி. படிக்கட்டு வரை. கோகுலாஷ்டமி. காலை மணி 10.17. உள்ளே அடுப்பில் எண்ணெய் கொதிக்கிறது. அடுப்பருகே என் மனைவி சாரதா. இரண்டாவது சத்தம் மந்தம், நமத்த பட்டாசு போல. மூன்றாவது கூர்மை.

"வெளிய வா!" என்று கத்துகிறேன். வெளியே நின்றுகொண்டுதான்.

மாடி வீட்டு நாகரத்னம்மா, அடுப்பை அணைக்கச் சொல்லிக் கன்னடத்தில் கத்தியபடி இறங்கி ஓடி வருகிறார். "கேஸ் ஆஃப் மாடி! கேஸ் ஆஃப் மாடி!"

சாரதாவும் அதைத்தான் செய்யப்போனாள். அணைக்கக் குனிந்தாள். நான்காவது வெடித்தது. முகத்துக்கு நேரே. கரண்டி விழுந்த ஓசை. அதன்பின் அவள் குரல்.

காரணத்தைப் பதிவுசெய்கிறேன். சமையல் நோட்டு அவள் அம்மா எழுதியது. வறுத்த அரிசி மாவு, வெல்லப்பாகு, எள், தேங்காய். மாவை இருமுறை சலிக்க வேண்டும். உருண்டையை இறுக்கக் கூடாது. விரிசல் இருந்தால் நல்லது, ஆவி வெளியேறும். இவ்வளவும் எனக்கு மனப்பாடம்.

மணி 9.30. அவள் உருட்டி வைத்ததைப் பார்த்தேன்.

"ஒண்ணு நெல்லிக்காய், ஒண்ணு சுண்டைக்காய். உனக்கு எதையாவது ஒழுங்கா செய்யத் தெரியுமா?"

"சீடைங்க இது. உங்க ஆபீஸ் ஃபைல் இல்ல. இறுக்காதீங்க, வெடிக்கும்."

"நாப்பது வருஷமா இதே பயம். தள்ளு."

எல்லாவற்றையும் கலைத்து மறுபடி உருட்டினேன். ஒரே அளவு. கோலிக்குண்டின் வழவழப்பு. ஒவ்வொன்றிலும் துளையிட அவள் ஊசியை எடுத்தாள். பிடுங்கினேன். அழகு கெடும் என்றேன். அவள் வாணலியை ஏற்றினாள்.

ஆஸ்பத்திரியில் மருத்துவர் கேட்டார், எப்படி நடந்தது என்று. சாரதா முந்திக்கொண்டாள்.

"நான்தான், டாக்டர். இறுக்கி உருட்டிட்டேன்."

முப்பத்தைந்து வருடம் அரசுக் கோப்புகளில் மற்றவர்களின் பிழைகளைத் திருத்தியவன் நான். ஒரு கால்புள்ளியைக்கூட விட்டதில்லை. அன்று அவள் சொன்னதைத் திருத்தவில்லை. மருத்துவர் அப்படியே எழுதிக்கொண்டார்.

பத்து நாள் கட்டு. பிரித்தார்கள். வெளிச்சம் திரும்பவில்லை.

உருட்டியவை எண்பத்து நான்கு. எண்ணெயில் போட்டவை பன்னிரண்டு. வெடித்தவை நான்கு. கூரையில் எண்ணெய்க் கறை மூன்று. சாரதாவின் கன்னத்தில் கொப்புளம் ஆறு. இடது கண் ஒன்று.

என் பக்கம் சேதம் எதுவும் இல்லை.