மூன்றாவது மாடிப் பந்து

கிள்ளானிலிருந்து கிளம்பிய ரயிலில் எங்கள் பெட்டியில் இருந்தது நான்கே பேர்: நான், தூங்கிக்கொண்டிருந்த ஒரு மலாய்க்கார அம்மா, எதிரே பந்துப் பையோடு தொப்பி போட்ட ஒருவர், அவர் பக்கத்தில் ஒரு மீசைக்காரர்.

"உலகத்துலயே பந்தை கால்ல ஒட்ட வச்சவன் அந்த அர்ஜென்டினாக்காரன்தான். அடுத்தது பிரேசில்காரன்," என்றார் தொப்பிக்காரர்.

"என் மவகிட்ட கேளு லா. அவ மாமன்தான் முதல்ல, அவங்க ரெண்டு பேரும் அப்புறம்தாங்கிறா," என்றார் மீசைக்காரர்.

"யாரு, பூச்சோங்ல இருக்கிற உன் மச்சானா?"

"அவனேதான். மூணாவது மாடியிலேர்ந்து பந்தை போடச் சொல்லி, கால் நுனியில அப்படியே நிறுத்துறான். அவ கை தட்டுறா. நானும் இருவது வருஷம் ஆடுனவன். எனக்கு ஒரு நாளு தட்டிருப்பாளா?"

"நீயும் நிறுத்திக் காட்ட வேண்டியதுதானே?"

"காட்டுனேன். பந்து தெறிச்சு பக்கத்து வீட்டு அங்கிளோட காரு கண்ணாடி போச்சு."

எனக்கு எங்கே சிரிப்பு வந்துவிடுமோ என்று பயம். குனிந்து என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்புறம் கண்ணாடிக்குக் காசு?"

மீசைக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அவன்தான் கட்டுனான். இன்னும் முந்நூறு வெள்ளி அவனுக்குத் தரணும்."