வெர்லின் மாற்றி வைத்த போல்ட்

கழகத் தலைவர் வாண்டா அவர்களே, இந்தத் தீயணைப்பு நிலைய மண்டபத்தை இன்று நமக்குத் திறந்துவிட்ட பெரியோர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நதீன் ஹோஸ்டெட்லர் அவர்களே, பொருட்காட்சித் திடலில் நம் கார்ப் பந்தயத்துக்குப் பாதை குறிக்கும் கோன்களைப் பொறுக்கிப் பொறுக்கி முதுகு பிடித்துப்போன என் தோழர்களே, வணக்கம்.

நம் பந்தயக் கார்களைச் சோதிக்கும் தலைமை ஆய்வாளர் வெர்லின் ஹோஸ்டெட்லர் போன செவ்வாய்க்கிழமை நெஞ்சுவலியில் நம்மை விட்டுப் போய்விட்டார். அவரைப் பற்றி நாலு வார்த்தை பேச என்னை மேடையேற்றியிருக்கிறீர்கள். எழுதித்தான் வைத்திருந்தேன். நேற்று மாலை அவருடைய காருக்கு அடியில் படுத்து எழுந்த பிறகு, என்ன பேசுவதென்றே தெரியவில்லை. குழம்பிப் போய் நிற்கிறேன்.

முன்சக்கரம் இழுக்கும் காரை வைத்துக்கொண்டு, ஞாயிறு பந்தயமும் திங்கள் மளிகையுமாக வாழ்கிறவர்கள் நாம். நம் எல்லோருக்கும் ஒரே வியாதி. ஸ்டீரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் கார் திரும்பாமல் நேரே போய்க் கோனை முட்டும். அண்டர்ஸ்டியர்! அந்த வியாதிக்கு வைத்தியர் யார்? வெர்லின்! டயர் ஓரத்தில் வெள்ளை ஷூ பாலிஷ் தடவி, ஒரு சுற்று ஓடவிட்டு, எதுவரை அழிந்திருக்கிறது என்று மண்டியிட்டுப் பார்த்தவர் யார்? வெர்லின்! முன்சக்கரங்களின் தலையை உள்பக்கம் சாய்த்து நிறுத்தியவர் யார்? வெர்லின்!

அவருடைய பெரிய மருந்து பின்னால் இருந்தது. இரண்டு பின்சக்கரங்களையும் சேர்த்துப் பிடிக்கும் இரும்புத் தண்டு. அதன் முனைகளில் மும்மூன்று துளைகள். போல்ட்டை நுனித் துளையில் போட்டால் தண்டு இளகும். உள் துளையில் போட்டால் விறைக்கும். விறைத்தால் காரின் வால் சுற்றும், மூக்கு திரும்பும். நோய் முன்னால், மருந்து பின்னாலா? இருபத்திரண்டு வருடம் கேட்டும் எனக்குப் பாதிதான் விளங்கியது. "ஆரின், நீ புரிஞ்சுக்கவே வேண்டாம்ப்பா. வளைவுல உள்பக்கப் பின்சக்கரம் நாய் காலைத் தூக்குற மாதிரி தூக்குதான்னு மட்டும் பாரு" என்பார்.

போன செப்டம்பரில் அந்த மனிதரின் சிவப்புக் காரே காலைத் தூக்கவில்லை! நேரே போய் மூன்று கோன்களைச் சாய்த்தது. "என்ன வெர்லின், உங்க காரே உங்க பேச்சைக் கேக்க மாட்டேங்குது?" என்று முதலில் கத்தியவன் நான்தான். அவர் ஹாட்டாக் வாங்கப் போன நேரத்தில் அடியில் நுழைந்து பார்த்தேன். போல்ட்டுகள் நுனித் துளையில் இருந்தன. மறதியாக மாட்டிவிட்டார் என்று நினைத்தேன். நம் திடலில் அடுத்தவர் காருக்கு ஸ்பானர் பிடிப்பது உதவிதானே? இரண்டு பக்கமும் உள் துளைக்கு மாற்றினேன். சொன்னால் கூச்சப்படுவார் என்று வாயைத் திறக்கவில்லை.

வரும் ஞாயிறு அவர் நினைவாக நடக்கும் ஓட்டத்தில் அந்தக் காரை அவர் மனைவி நதீன் ஓட்டப்போகிறார். ஒருமுறை பார்த்துக் கொடுக்கச் சொன்னார். பார்த்தால், போல்ட்டுகள் மறுபடியும் நுனித் துளையில்! டாஷ்போர்டுப் பெட்டியில் வெர்லினின் நோட்டு இருந்தது. அதை அப்படியே படிக்கிறேன்.

'ஆகஸ்ட். கண் மங்குகிறது. ரோட்டில் இனி நதீன்தான் ஓட்டுவாள். பின்பக்கத்தை இளக்கிவிட்டேன். அவள் பதறினாலும் கார் நேரே போகட்டும், சுற்ற வேண்டாம்.'

'செப்டம்பர். மழை. நெடுஞ்சாலை இறக்கத்து வளைவில் நதீன் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் கார் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டது. புல்லில் நின்றோம். யாருக்கும் அடி இல்லை. நான் ஹாட்டாக் வாங்கப் போனபோது ஆரின் போல்ட்டை மாற்றியிருக்கிறான். திரும்ப மாற்றினேன். அவனிடம் சொல்ல வேண்டாம். உடைந்துபோவான்.'

தோழர்களே, இதற்குப் பிறகும் ஏழு மாதம் என்னோடு உட்கார்ந்து காப்பி குடித்தாரே! ஒரு வார்த்தை திட்டியிருக்கலாமே! நதீன், அன்று உங்களைச் சுற்றவிட்டது நான்தான். என்னை மன்னித்துவிடுங்கள்.

(நதீன் எழுந்து நின்றார்.)

"அது நீயா?"

"நான்தான், நதீன்."

"அன்னையிலேருந்து அந்த இறக்கத்துப் பக்கமே நான் போகலை, ஆரின். ஏழு மாசமா வயக்காட்டு ரோட்டுல சுத்திக்கிட்டுப் போறேன். எனக்கு வண்டி ஓட்டத் தெரியலைன்னு நினைச்சேன். 'உன் தப்பு இல்ல'ன்னு மட்டும் சொன்னாரு. அப்ப யாரு தப்புன்னு கேட்டா, மழைன்னாரு!"

(சிரிப்பு. )

கேட்டீர்களா? என் மனம் உடையக் கூடாதென்று மனைவியின் தைரியம் உடைவதைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். இது நட்பா, அநியாயமா? அவரை நினைத்து அழுவதா, கோபப்படுவதா? எனக்கு இரண்டும் சேர்ந்து வருகிறது. நதீன், நீங்களே சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை போல்ட் எந்தத் துளையில்?

"உள் துளையில."

"வேண்டாம் நதீன், வால் சுத்தும்."

"சுத்தட்டும். சுத்தினா எப்படிப் பிடிக்கிறதுன்னு திடல்லயே கத்துக்கறேன். நீ ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டுப் பக்கத்து சீட்டுல உக்காரு. அது முடிஞ்சதும் நேரா அந்த இறக்கத்துக்குத்தான் போறோம்."

(கைதட்டல்.)

உட்காருகிறேன். ஹெல்மெட்டையும் மாட்டிக்கொள்கிறேன், நதீன்.

தலைவர் அவர்களே, மறைந்தவரின் பணியைத் தொடர்வேன் என்று உறுதி சொல்லாமல் நான் இந்த மேடையை விட்டு இறங்கக் கூடாது. சொல்கிறேன். திரும்ப மறுக்கும் உங்கள் கார்களைத் திரும்ப வைக்க என்னால் ஆனதைச் செய்வேன். கேட்காமல் யாருடைய காரிலும் ஸ்பானரை வைக்க மாட்டேன். தவறு என்னுடையதானால் என்னுடையது என்றும், உங்களுடையதானால் உங்களுடையது என்றும் முகத்துக்கு நேரே சொல்வேன். மழை மேல் பழி போடும் வேலையை மட்டும், வெர்லின், நான் தொடரப்போவதில்லை.