கடைசி சீன்ல வந்த அம்மா ஆமை

அந்தமானில் ரங்கத்திலிருந்து மாயாபந்தர் போகும் பஸ்ஸில் என் முன்சீட்டில் நாற்பது தாண்டிய கணவன் மனைவி உட்கார்ந்திருந்தார்கள். திடீரென்று அந்த அம்மாள், "குட்டி ஆமை அம்மாகிட்ட போய்ச் சேர்ந்திச்சுங்க. நான் கண்ணால பார்த்தேன்," என்றார். எனக்குத் தூக்கம் கலைந்துவிட்டது.

கணவர் பையிலிருந்து ஒரு பழைய வீடியோ கேம் கேசட்டை எடுத்துக் காட்டினார். "இந்த கேம்தானே?"

"இல்லை. சின்ன வயசுல நான் ஆடினதுல 'குட்டி ஆமை'ன்னு தமிழ்ல எழுதியிருந்திச்சு."

"அரே, அது உங்கப்பா ஒட்டின பேப்பரு. அடியில இந்த ஜப்பான் பேருதான் இருந்திருக்கும். அமெரிக்காவுல விட்டப்ப பேரையும் மாத்தி, கடைசி சீனையும் வெட்டிட்டாங்க. எங்க வீட்ல இருந்தது அந்த அமெரிக்கக் கேசட்டு."

"அதை வச்சுக்கிட்டு பதினெட்டு வருஷமா நான் கதை விடுறேன்னு சொன்னீங்க."

"சொன்னேன். போன மாசம் நெட்ல ஜப்பான் கேசட்டோட முடிவைப் பார்த்தேன். அம்மா ஆமை கரையில நிக்குது. உடனே ஆர்டர் போட்டுட்டேன். மெயின்லேண்ட்ல இருந்து கப்பல்ல வர இத்தனை நாளாச்சு."

அந்த அம்மாள் கேசட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது.

"இதை எதுல போட்டு ஆடுறது?"

"உங்கண்ணன்கிட்ட அந்தப் பழைய மிஷின் இன்னும் ஓடுதாம். கேட்டுட்டேன். அதுக்குத்தான் போறோம்."

"அண்ணன் வீட்ல பூஜைன்னுல்ல சொன்னீங்க?"

"பூஜையெல்லாம் ஒண்ணுமில்லை."

அந்த அம்மாள் சிரித்த சிரிப்பில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.