சித்தாள் கட்டிய கோட்டை

பொம்மைக் கோட்டை கட்டும் பிளாஸ்டிக் கற்களைப் பல்லால் கடித்துப் பிரிக்கிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. அதற்கென்றே விரல் நீளத்தில் ஒரு நெம்புகோல் இருக்கிறது. இடுக்கில் கொடுத்து லேசாக நெம்பினால் கல் நோகாமல் கழன்று வரும். என் சட்டைப் பையில் எப்போதும் ஒன்று கிடக்கும். வாசலில் உங்கள் காவலர் அதை ஏதோ ஆயுதம் என்று நினைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அத்தானிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன், சார். "போடா, கருவி வாயிலேயே இருக்கு" என்பார். கல்லை எடுத்துப் பார்த்தால் ஓரமெல்லாம் பல் தடம் பதிந்திருக்கும்.

காலையில் ஸ்டேஷனுக்கு வந்ததும் விஷயத்தை ஒரே வரியில் சொல்லிவிட்டேன். நீங்கள் விவரமாகக் கேட்கிறீர்கள். கோட்டையைப் பார்த்து வர வீட்டுக்கு ஆளும் அனுப்பியிருக்கிறீர்கள். ரொம்ப நல்லது. அவர் திரும்பி வருவதற்குள் முடித்துவிடுகிறேன், பெரிய கதையெல்லாம் இல்லை.

நான் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். கல்யாணம் ஆகவில்லை. அக்கா வீட்டில் பின்னறை எனக்கு. அக்கா பள்ளியில் கணக்கு டீச்சர். அத்தான் சோபா, கட்டில் விற்கும் கடையில் விற்பனையாளர். படுக்கவே இடமில்லாதவன் தலையில்கூட இரட்டைக் கட்டிலைக் கட்டிவிடுவார், அப்படி ஒரு வாய். எனக்கு வாய் கிடையாது. மாலையில் கடை விட்டு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு கோட்டை கட்டுவேன். எந்த நாட்டிலும் இல்லாத கோட்டைகள். கடலுக்குள் தலைகீழாகத் தொங்குவது, ஆமை முதுகில் நகர்வது, இப்படி. கட்டி முடித்துக் கொஞ்ச நாள் பார்த்துக்கொண்டிருப்பேன். பிறகு பிரித்து நிறவாரியாக டப்பாக்களில் போட்டுவிடுவேன். அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

படம் எடுத்து இணையத்தில் போடலாம் என்று சொன்னது அத்தான்தான். என்னைப் போலக் கோட்டை கட்டுகிறவர்களுக்கு அங்கே ஒரு குழு இருக்கிறது. என் பெயரில் போடக் கூச்சப்பட்டேன். "சரி, என் பேர்ல போடறேன். யார் போட்டா என்னடா, வீட்டுக் கோட்டைதானே" என்றார். முதலில் 'நாங்கள் கட்டியது' என்று எழுதினார். கொஞ்ச நாளில் அது 'நான் கட்டியது' ஆகிவிட்டது. குழுவில் அவருக்குக் கொத்தனார் என்று பட்டப்பெயர் வைத்தார்கள். கொத்தனாரே கையைக் குடுங்க, கொத்தனாரே எப்படித்தான் யோசிக்கிறீங்க என்று பாராட்டு குவியும். யாராவது நுணுக்கம் கேட்டால் கைபேசியும் கையுமாக என் அறைக்கு வருவார். "டேய், அந்தத் தொங்கு பாலம் விழாம எப்படிடா நிக்குது? கேக்கறாங்க." நான் விளக்குவேன். அவர் நின்றபடியே தட்டி அனுப்புவார்.

ஒரு நாள் குழுவில் சிலர் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். நான் தரையில் உட்கார்ந்து கல் பிரித்துக்கொண்டிருந்தேன். "இவன் என் மச்சான். நம்ம சித்தாள். கல்லு எடுத்துக் குடுப்பான்" என்றார் அத்தான். எல்லோரும் சிரித்தார்கள். டீத் தட்டோடு வந்த அக்காவும் சிரித்தாள். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து குழுவில் என்னை விசாரிக்கிறவர்கள், சித்தாள் சௌக்கியமா என்றுதான் விசாரிப்பார்கள்.

பேருக்காக நான் எதையும் செய்கிறவன் இல்லை. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், சார். பேரைப் பெரிதாக நினைத்திருந்தால் அன்றைக்கே சண்டை போட்டிருப்பேன். கட்டுகிறவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. சுவருக்குள்ளே, வெளியில் தெரியாத இடத்தில், சம்பந்தமில்லாத நிறத்தில் ஒரு கல்லை வைத்து மூடிவிடுவோம். யார் கட்டியது என்று நாளைக்குத் தகராறு வந்தால் அந்த இடத்தைச் சொல்லிப் பிரித்துக் காட்டலாம். நான் மஞ்சள் கல் வைப்பேன். அது உள்ளே இருக்கிறது என்ற நினைப்பே எனக்குத் தெம்பு.

கடைசியாகக் கட்டியது வாசல் இல்லாத கோட்டை. அதில் வாழ்கிறவர்களுக்குச் சிறகு உண்டு, வாசல் தேவையில்லை. கீழே வழுவழுவென்று வெறும் சுவர், உச்சியில் மட்டும் ஜன்னல்கள். ஒரு வருஷத்துக்கு மேல் உழைத்தேன். நூலக மண்டபத்தில் குழுவின் கண்காட்சி இருந்தது, அதற்காக. முந்தின நாள் கடை விட்டு வந்து பார்க்கிறேன், பெரிய கோபுரத்தின் அடியில் ஒரு வாசல் இருக்கிறது. சிவப்புக் கதவு, இரண்டு பக்கமும் பூந்தொட்டி. எடுத்த கற்கள் மேஜையில் கிடந்தன, எல்லாவற்றிலும் பல் தடம், எச்சில்கூடக் காயவில்லை.

"என்ன அத்தான் இது?"

"வாசல் இல்லாம எப்படிடா உள்ள போவாங்க? பாக்கறவன் சிரிப்பான்."

"பறந்து போவாங்க."

"ஆமா, பறப்பாங்க. போய்த் தூங்குடா, சித்தாள்."

அக்கா பக்கத்திலேயே விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். "விடேன்டா, ஒரு கதவுதானே" என்றாள். நான் போய்ப் படுத்துவிட்டேன். கோபத்தில் செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நன்றாகத் தூங்கி எழுந்துதான் செய்தேன்.

நாங்கள் இருப்பது மேல் மாடியில். கோட்டைப் பலகை லிஃப்டில் நுழையாது, படி வழியாகத்தான் இறக்க வேண்டும். பலகையை மார்போடு அணைத்துத் தூக்குகிறவருக்குத் தன் கால் தெரியாது, கையும் ஒழியாது. அதனால் ஒருவர் முன்னால் இறங்கிக்கொண்டே படி சொல்வார். படி, படி, படி, தரை. தரை என்றால் திருப்பம் வந்துவிட்டது, தைரியமாக நடக்கலாம். மறுபடியும் படி என்கிற வரைக்கும் தரைதான். குழுவில் எல்லோரும் இப்படித்தான் இறக்குவார்கள். படி சொல்கிறவனைச் சந்தேகப்படுவது வழக்கமில்லை.

கோட்டை நான்கு பகுதி. சின்னப் பலகைகளில் இருந்த கோபுரத்தையும் பாலத்தையும் அரண்மனையையும் நானே விடியற்காலையில் ஒவ்வொன்றாக இறக்கி வண்டியில் வைத்துவிட்டேன். மிச்சம் இருந்தது அடியில் வரும் குன்று. வெறும் சாம்பல் கல், உடைந்தாலும் சுலபமாகத் திரும்பக் கட்டிவிடலாம். "இதை நீங்க எடுங்க அத்தான், நான் படி சொல்றேன்" என்றேன். "பார்றா, சித்தாள் கொத்தனாரை வேலை வாங்கறான்" என்று சிரித்துக்கொண்டே தூக்கினார்.

முதல் திருப்பம் வரைக்கும் ஒழுங்காகச் சொன்னேன். திருப்பத்தில் தரை என்றேன். அடுத்த படிகள் தொடங்குகிற இடத்தில் சுவரோரம் ஒதுங்கிக்கொண்டு, "தரைதான், வாங்க" என்றேன். குரலை உயர்த்தவில்லை. அவர் வந்தார்.

பலகையை விட்டிருந்தால் கைப்பிடிக் கம்பியைப் பிடித்திருக்கலாம். அவர் குன்றை விடவில்லை. நான் இறங்கிப் போனபோது தலைக்கடியில் ரத்தம் பரவியிருந்தது, பேச்சு மட்டும் இருந்தது. "கோட்டைக்கு ஒண்ணும் ஆகலையேடா?" என்று கேட்டார். "இல்ல அத்தான், குன்னு மட்டும்தான்" என்றேன். பொய் சொல்லவில்லை. அப்புறம் பேச்சும் நின்றுவிட்டது. ஆள் வந்தால் மிதிபடுமே என்று கற்களைப் பொறுக்கி ஓரமாக வைத்தேன். அதன் பிறகு அக்காவைக் கூப்பிட்டேன்.

கால் தவறி விழுந்தார் என்று எல்லோரும் சொன்னார்கள். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அக்கா ஓயாமல் அழுதாள். நான்தான் ஊட்டிவிட்டேன், வேளாவேளைக்கு மாத்திரை கொடுத்தேன். அவள் தூங்குகிற நேரத்தில் குன்றைத் திரும்பக் கட்டினேன். சிவப்புக் கதவை நெம்புகோலால் எடுத்துவிட்டுப் பழையபடி சுவர் வைத்தேன். மனசு லேசானது.

விஷயம் அதோடு முடிந்திருக்கும். தள்ளிப்போன கண்காட்சியை அத்தானுக்கு நினைவுக் கூட்டமாக நடத்தினார்கள். கோட்டைக்கு முன்னால் அவர் படம், கீழே பலகையில் 'கொத்தனாரின் கடைசிக் கோட்டை'. ஒருவர் மைக்கைப் பிடித்து, "இந்தக் கோட்டைக்கு வாசலே இல்ல, கவனிச்சீங்களா? பறந்து போறதுக்குன்னே கட்டியிருக்காரு மனுஷன்" என்றார். மண்டபமே கண்ணைத் துடைத்தது. அக்காவிடம் மைக்கைக் கொடுத்தார்கள். "ஆமாங்க, வாசல் வேணாம்னு அவர்தான் ஒரே பிடிவாதமா இருந்தாரு" என்றாள். அத்தனையும் கண்ணால் பார்த்தவள், சார்.

நேற்று கோட்டை வீட்டுக்குத் திரும்பி வந்தது. இன்று காலை காபி குடிக்கும்போது அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தம்ளரைக் கீழே வைத்தாள். அலறவில்லை, அடிக்கவில்லை. "கடைசியா ஏதாச்சும் சொன்னாரா?" என்று மட்டும் கேட்டாள். கோட்டைக்கு ஒண்ணும் ஆகலையே என்று கேட்டதைச் சொன்னேன். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு இங்கே வந்துவிட்டேன். தண்டனை எவ்வளவு வேண்டுமானாலும் கொடுங்கள். யார் கட்டியது என்பது மட்டும் காகிதத்தில் ஏற வேண்டும். கோபுரச் சுவருக்குள் ஜன்னலுக்கு நேர் கீழே மஞ்சள் கல் இருக்கும், பிரித்துப் பாருங்கள்.

உங்கள் ஆள் வந்துவிட்டார். ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து மேஜையில் வைக்கிறார். அக்கா சொன்னதை வாசிக்கிறார். "கோட்டையெல்லாம் எங்க வீட்டுக்காரர் கட்டினதுதாங்க. தம்பிக்குக் கல்லு எடுத்துக் குடுக்கத்தான் தெரியும்."

பைக்குள் வெறும் கற்கள். சாம்பலும் வெள்ளையும் நீலமும் குப்பையாகக் கலந்து கிடக்கின்றன. நடுவில் என் மஞ்சள் கல்லும் இருக்கிறது, சுவர் இல்லாமல் அது எதற்கும் சாட்சி ஆகாது. ஒவ்வொன்றிலும் பல் தடம். நெம்புகோல் இங்கே என் சட்டைப் பையில் இருந்ததே, பிரிக்க அக்கா வேறு என்ன செய்வாள். சில கற்களில் ரத்தம்கூட ஒட்டியிருக்கிறது, ஈறு கிழிந்திருக்க வேண்டும்.

நான் கொன்றேன் என்றதும் உடனே நம்பிவிட்டீர்கள். நான் கட்டினேன் என்றால் முகத்தைப் பார்க்கிறீர்கள். சரி, கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கூடப் பிறந்தவனுக்கு ஒரு மனுஷி இப்படியொரு கொடுமையைச் செய்வாள் என்று நான் கனவில்கூட நினைத்ததில்லை, சார்.