உண்டாச்சு மேடு

ரொம்ப காலத்துக்கு முன்ன, இந்த ரோடு போடறதுக்கு முன்ன, வந்தவாசிக்குக் கெழக்க கீழ்ப்பள்ளியந்தல்னு ஒரு ஊரு இருந்துச்சாம். இப்பவும் இருக்கு, நம்ம ஊருதான். ஊருக்கு மேக்கால ஏரி. ஏரிக்கு இந்தாண்ட நயினார் தெரு, சமணருங்க, நாப்பது வூடு. அந்தாண்டக் கரையில மலையடிவாரத்துல இருளருங்க. மூணே மூணு குடிசை, பதினோரு பேரு.

நயினார் தெருவுல ஒரு எறும்பக்கூட மிதிக்க மாட்டாங்க. தண்ணிய துணியில வடிகட்டித்தான் குடிப்பாங்க. வடிகட்டின துணிய அதே கெணத்துலயே அலசி விடுவாங்க, ஒட்டியிருக்கிற பூச்சி அது பொறந்த தண்ணிக்கே போவட்டும்னு. மண்ணுக்கடியில வெளையிற கெழங்க வாயில வைக்க மாட்டாங்க. பொழுது சாஞ்சிட்டா சோறு கெடையாது. வெளக்கு வெளிச்சத்துக்கு வர்ற பூச்சி சோத்துல விழுந்து சாவுமாம், அதனால. அப்படி ஒரு தெரு.

அந்த ஏரியில வலை போடக்கூடாது, தூண்டி போடக்கூடாது. ஏரி மீனுக்கெல்லாம் அந்தத் தெருவு முன்னோருங்க அபயம் குடுத்திருந்தாங்களாம். அபயம்னா வேற ஒண்ணுமில்ல, 'என்னால உனக்கு பயமில்ல'ன்னு ஒரு உசுருக்குக் குடுக்கிற வாக்கு. அந்த வாக்கக் காக்கிற பொறுப்பு ஒரே குடும்பத்துக்குத்தான். அப்பன் போனா மவன், மவன் போனா பேரன். அந்தக் குடும்பத்துல பொறந்தவருதான் சிரிபால நயினாரு.

ஆளு ஒல்லி. அதிர்ந்து பேச மாட்டாரு. நடக்கிறப்ப தரையப் பாத்துக்கினே நடப்பாரு. கையில ஒரு குச்சிகூட வச்சிக்க மாட்டாராம். ஏரிக்காவல்காரன் கையில கோலு வேணாமான்னு யாராவது கேட்டா, கோலு இருந்தா ஒரு நாளைக்கு ஓங்கத் தோணும்னு சொல்வாராம்.

ஆச்சா. தாது வருஷம் வந்துச்சு. ஐப்பசியில மழை இல்ல, கார்த்திகையில மழை இல்ல. தை பொறக்கிறப்ப கொளம் குட்டையெல்லாம் வெடிச்சுப் போச்சு. மாடு செத்துச்சு, அப்பறம் மனுசன் சாவ ஆரம்பிச்சான். சாலை ஓரத்துல கெடந்தவங்கள எடுத்துப் போட ஆளில்லன்னு சொல்வாங்க. நயினார் தெருவுல குதிரு அடியில ரவையூண்டு கேழ்வரகு மிஞ்சியிருந்துச்சு. ஒரு வேளைக் கூழு, அதுவும் தண்ணியா.

பங்குனியில பெரிய ஏரி முச்சூடும் வத்தி, மதகுக்குப் பக்கத்துல ஒரு மடுவா நின்னுச்சாம். ஏரி மீனெல்லாம் அந்த ஒரு மடுவுல. ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கினு, வாயத் தொறந்து தொறந்து மூடிக்கினு கெடக்குமாம். சிரிபால நயினாருக்கு அதப் பாக்க முடியல. அவரு தோட்டத்துக் கெணத்துல அடியில கொஞ்சம் தண்ணி இருந்துச்சு. அதக் கொடம் கொடமா எடுத்தாந்து மடுவுல ஊத்தினாரு. காலையில இருபது கொடம், சாயங்காலம் இருபது கொடம்.

அந்தாண்டக் கரையிலேர்ந்து அதப் பாத்துக்கினே இருந்தா ஒருத்தி. கன்னியான்னு பேரு. புருஷன், தாயாரு, புருஷன் கூடப்பொறந்தவங்கன்னு அந்த மூணு குடிசைக்கும் அவதான் ஓடியாடிக் கஞ்சி பாக்கிறவ. ஒரு நாளு வந்து கேட்டாளாம், பத்து மீனு எடுத்துக்கட்டுமான்னு. நயினாரு முடியாதுன்னுட்டாரு. ஆனா வெறுங்கையோட அனுப்பல. அவரோட கூழத் தூக்கி அவகிட்டக் குடுத்தாரு. தெனமும் வா, எம்பங்க வாங்கிக்க, மீனு மேல மட்டும் கைய வைக்காதன்னாரு.

அவ தெனமும் வந்தா. அவரு தெனமும் குடுத்தாரு. ரெண்டு நாளைக்கு ஒருக்கா அவரு பொண்டாட்டி மருதேவியம்மா தன் பங்குல பாதிய அவருக்கு ஊத்துவா. அதுலதான் அவரு கொடம் சுமந்தாரு.

பத்து நாளு போச்சு. கன்னியா கூழுச் செம்ப வாங்கிக்கினு போவாம நின்னாளாம். என்னம்மான்னு கேட்டாரு.

"நயினாரே, இது ஒரு ஆளு கூழு. இத நான் எடுத்துக்கினு போறேன். ஒம்பது பேரு செம்பப் பாக்குறாங்க."

முன்ன பதினோரு பேருன்னு சொன்னேனே. அதுக்குள்ள ரெண்டு போயிடுச்சு.

நயினாரு தெருவுல போயி வூடு வூடாக் கேட்டாரு. சில வூட்டுல ஒரு பிடி போட்டாங்க. பாதி வூட்டுல கதவத் தொறக்கல. அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது. அவங்க வூட்டுலயும் வயிறு இருந்துச்சு.

அந்த வெயில்ல கெண்டைங்க மொதல்ல சாவ ஆரம்பிச்சுச்சு. காலையில போனா ஏழு எட்டு மெதக்கும். நயினாரு அதுங்கள ஒண்ணொண்ணா எடுத்து, கரையில குழி தோண்டிப் பொதைப்பாரு. பொதைச்சுட்டு ஒரு நாழி கண்ண மூடி நிப்பாரு. தெனமும் இதே வேலை.

ஒரு நாள் காலையில போறாரு, அவருக்கு முன்ன கன்னியா மடுவுல நிக்கிறா. மடியில ஏழு மீனு. இவரப் பாத்ததும் அவ ஓடல. ஓடறதுக்குத் தெம்பு இல்ல அவளுக்கு.

"கன்னியா, அத கீழ போடு."

"செத்ததுங்க, நயினாரே."

"தெரியும். இன்னைக்குச் செத்தத எடுப்ப. நாளைக்கு எது செத்தது, எது உசுரோட இருந்ததுன்னு யாரு பாக்கிறது? கீழ போடு."

அவரு கத்தல. கையத் தூக்கல. சும்மா அவ முன்னால நின்னாரு, அவ்வளவுதான். அவ மடியிலேர்ந்து ஒண்ணொண்ணா எடுத்துத் தரையில வச்சா. ஏழையும் வச்சா. வச்சுட்டுப் போயிட்டா. நயினாரு குழி தோண்டி ஏழையும் பொதைச்சாரு.

அன்னைக்கு அவ கூழு வாங்க வரல. மறுநாளும் வரல. கோவமா இருப்பான்னு நெனச்சாரு. மூணாம் நாளும் வரல. நாலாம் நாளு செம்ப எடுத்துக்கினு இவரே அந்தாண்டக் கரைக்குப் போனாரு.

மூணு குடிசையிலயும் சத்தமில்ல. கன்னியா வெளிய குந்தியிருக்கா. அவ பக்கத்துல அவ புருஷன் படுத்திருக்கான், மேல துணி மூடியிருக்கு. உள்ள அவ தாயாரு, அதே மாதிரி. அடுத்த குடிசையில புருஷனோட தம்பி. நாலு நாள்ல மூணு சாவு. எடுத்துப் போட அங்க யாருக்கும் தெம்பில்ல.

நயினாரு செம்ப அவ முன்னால வச்சாரு. அவ அதப் பாத்தா. அப்பறம் அவரு மொகத்தப் பாத்தா. திட்டல. அழுவல. இன்னைக்கு வெயிலு ஜாஸ்தின்னு சொல்ற மாதிரி சொன்னாளாம்:

"அது செத்த மீனுதான, நயினாரே."

அந்தச் சொல்லு அவர எங்க வெட்டுச்சோ, அவருக்குத்தான் தெரியும். மம்முட்டிய வாங்கி, அவரே குழி தோண்டினாரு. மூணு குழி. மண்ணு எறுகிக் கெடந்துச்சு, பொழுது உச்சிக்கு வந்து மேக்க சாயற வரைக்கும் தோண்டினாரு. மூணு பேரையும் வச்சு மூடினாரு.

நேரா சினாலயத்துக்கு, அதான் அவங்க கோயிலுக்கு, போனாரு. அங்க பூசை பண்ற வாத்தியாரு வயசானவரு, சாஸ்திரம் படிச்சவரு. அவரு கால்ல விழுந்து, உண்ணாம உசுர விட்டுடறேன், விரதம் குடுங்கன்னு கேட்டாரு. வாத்தியாரு நடந்ததெல்லாம் கேட்டாரு. கேட்டுட்டு முடியாதுன்னுட்டாரு.

"அது மனசு அடங்கினவனுக்கு உள்ள விரதம், சிரிபாலா. நீ அவ மொகத்தப் பாக்க முடியாம ஓடப் பாக்குற. நீயும் ஒரு உசுருதான். அதையும் கொல்லாத."

"அப்ப நான் என்ன பண்றது?"

"அபயம் ஒரு தானம். அன்னம் ஒரு தானம். நீ ஒண்ண வச்சு இன்னொண்ண அடிச்சுட்ட. போயி இரு. இருந்து பாரு."

நயினாரு சாமி முன்னால போயி நின்னாராம். அப்பறம் ஒரு வாக்கு எடுத்தாரு. அந்தக் கரையில மிச்சம் இருக்கிற ஆறு பேரும் உண்டாச்சுன்னு அவரு காதால கேக்கணும். கேட்ட அப்பறம்தான் அவரு உண்பாரு. பொழுது சாயறதுக்குள்ள கேக்கலன்னா அன்னைக்கு அவருக்குச் சோறு இல்ல. சாவுற வரைக்கும் இதுதான்.

மறுநாளே ஆறு பேரையும் தன் வூட்டு மாட்டுக்கொட்டாயிக்குக் கூட்டியாந்துட்டாரு. மாடுங்கதான் செத்துப்போச்சே. தெருவுல சலசலப்பு. எலி புடிச்சுத் திங்கிறவங்கள நயினார் தெருவுல கொண்டாந்து வைக்கலாமான்னு பெரியவங்க வந்து கேட்டாங்க. இவரு கொட்டாய் வாசல்ல தலையக் குனிஞ்சிக்கினு குந்தினவரு எழுந்திருக்கல. கேட்டுக் கேட்டு அவங்களுக்கே சலிச்சுப் போச்சு.

மருதேவியம்மாவுக்குத்தான் தாங்கல. அந்தம்மா அவருகிட்டச் சொன்னாளாம்:

"நீங்க வாக்கு எடுத்தீங்க. என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? நீங்க காயறத தெனமும் பாக்கணும்னு எனக்கு என்ன விதி?"

அவரு கொடத்த எடுத்துக்கினு மடுவுக்குப் போயிட்டாரு.

மடுவுல இருந்த மீனு என்னாச்சுன்னு கேப்பீங்க. அவரு அப்பவும் கொடம் சுமந்தாரு. சித்திரையில கெணறும் வத்திப் போச்சு, மடுவும் காஞ்சு போச்சு. ஒரு மீனு மிஞ்சல.

ஆறு பேரும் பொழைச்சாங்க. எப்படின்னா, கன்னியா காட்டுக்குப் போயி கெழங்கு தோண்டுவா, கெடைச்சதக் கொண்டாந்து சுட்டு ஆறு பேருக்கும் பங்கு வைப்பா. நயினாரு கூழும் அதோட சேரும். காட்டுக்குப் போனவங்க வெளிச்சத்துல திரும்பினா அவருக்குச் சோறு. இருட்டிட்டு திரும்பினா இல்ல. கன்னியாவுக்கு மொதல்ல இது தெரியாது. தெரிஞ்ச அப்பறம் பாதி தோண்டினத விட்டுட்டு ஓடியாருவாளாம், பொழுதப் பாத்துக்கினே. அவளுக்கு அவரு மேல இருந்தது பாசமா, வேற என்னவா, அத யாரும் சொல்லல. ஆனா ஓடியாருவா.

அடுத்த வருஷம் பொரட்டாசியில மழை புடிச்சுச்சு. ஏரி ரொம்புச்சு. ஆறு பேரும் பழையபடி அந்தாண்டக் கரைக்கே போயிட்டாங்க. நயினாரு தெனமும் கரை மேல நடந்து போயி, "கன்னியா, ஆறு பேரும் உண்டாச்சா?"ன்னு கேட்டுட்டு வருவாரு. அப்படியே வருஷம் ஓடிச்சு. காலு விழுந்துடுச்சு அவருக்கு, நடக்க முடியல. அப்பறம் கன்னியா பாதிக்கரை வரைக்கும் வந்து, அங்க ஒரு மேடு இருக்கு பாருங்க, அது மேல ஏறி நின்னு கத்துவா: "உண்டாச்சு, நயினாரே!" தெருவுல கட்டில்ல படுத்திருக்கிறவருக்குக் கேக்கும். அப்பறம்தான் மருதேவியம்மா இலை போடுவா.

ஒரு கார்த்திகை மாசம். அடமழை. மலைத்தண்ணி எறங்கி, அந்தாண்டக் கரை ஒடைஞ்சு, நடுவுல வெள்ளம் ஓடுது. குடிசைக்காரங்க மேட்டுக்காட்டுக்கு ஏறிட்டாங்க. வர வழியில்ல. ஒரு நாளு கொரலு கேக்கல. நயினாரு உண்ணல. ரெண்டாம் நாளும் கேக்கல. மருதேவியம்மா கெஞ்சினா, தெருவே வந்து கெஞ்சுச்சு. மழைக்கு அவங்க என்ன பண்ணுவாங்க, பொழைச்சுத்தான் இருப்பாங்க, ஒரு வாய் குடிங்கன்னாங்க. அவரு சொன்னது இவ்வளவுதான்:

"அன்னைக்கும் நான் அப்படித்தான் நெனச்சேன். மூணு நாளு."

மூணாம் நாளு பொழுது சாயறப்ப உசுரு போயிடுச்சு.

மறுநாளு வெள்ளம் வடிஞ்சுச்சு. கன்னியா இடுப்பளவு தண்ணியில எறங்கி வந்தா. தெருவுல பாடை கட்டுறது மேட்டுலேர்ந்தே தெரிஞ்சுச்சாம். அப்பறம் ஏரி முச்சூடும் கேக்கிற மாதிரி கத்தினா:

"உண்டாச்சு, நயினாரே! ஆறு பேரும் இருக்கோம்! உண்டாச்சு!"

மூணு தரம் கத்தினாளாம். பாடை தூக்க வந்தவங்க அப்படியே நின்னுட்டாங்க.

மருதேவியம்மா பதினாறு நாளு வூட்டுக்குள்ள இருந்தா. பதினேழாம் நாளு மேட்டுக்கு எதிர்ல போயி குந்தினா. எதுக்குன்னு கேட்டாங்க. "எனக்கு அவரு மேல கோவந்தான், இப்பவும் கோவந்தான்"னு சொன்னாளாம். சொல்லிட்டு, கன்னியா வந்து கத்துற வரைக்கும் எழுந்திருக்கல. அந்தம்மா உசுரோட இருந்த மட்டும் அப்படித்தான் சாப்பிட்டா. அந்தம்மா போன அப்பறம் தெருவே அத எடுத்துக்கிச்சு, வருஷத்துக்கு ஒரு நாளு, அவரு செத்த நாளு.

அதனாலதான் அது உண்டாச்சு மேடு. அதனாலதான் அன்னைக்குத் தெருவுல எந்த வூட்டுலயும் மொதல்ல இலை போட மாட்டாங்க. காலையில அரிசி, பருப்பு எல்லாம் அந்தாண்டக் கரைக்குப் போயிடும். அங்க சமைச்சு, சாப்பிட்டு, கன்னியா வம்சத்துல ஒருத்தரு மேட்டுல ஏறிக் கொரலு குடுப்பாங்க. பொழுது சாயறதுக்குள்ள கொரலு வரலன்னா தெரு பட்டினி.

போன கார்த்திகையில அரிசி கொண்டுபோனவங்க மூட்டையோட திரும்பி வந்துட்டாங்க. அந்தாண்டக் கரையில கதவெல்லாம் கயித்தால கட்டியிருந்துச்சாம். எல்லாரும் செங்கல் சூளை வேலைக்குப் போயிட்டாங்க, எந்த ஊருன்னு யாருக்கும் தெரியல. ஒருத்தரோட போன் நம்பர் இருந்துச்சு. அடிச்சுப் பாத்தோம், எடுக்கல. ஆளுக்கொரு பக்கம் விசாரிக்க அனுப்பிட்டு, அவரவர் வாசல்ல குந்தி மேட்டப் பாத்துக்கினு இருந்தோம். பொழுது சாஞ்சுச்சு. எழுந்து உள்ள போயி படுத்துட்டோம்.