மூன்று பத்துக்கு வந்த கோல்

சோளத் தூசியில் வேலை செய்கிறவர்களுக்கு இருமல் விடாது, சேர். பேசுகிற நடுவில் நான் இருமினால் அழுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள்.

நீங்கள் தமிழில் கேட்பது எனக்கு ஆறுதலாக இருக்கிறது. சிங்களம் நன்றாகப் பேசுவேன். எழுதுவதுதான் கஷ்டம். நான் படித்த தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லித்தர ஆள் இருக்கவில்லை. லக்கலைக் கந்தோரில் வேலை கிடைத்த பிறகு, முப்பது வயதில், மகளுடைய முதலாம் வகுப்புப் புத்தகத்தை வைத்து நானே எழுதிப் பழகினேன். அந்த எழுத்தை வைத்துக்கொண்டு பதினாறு வருஷம் அந்தக் கந்தோரை நடத்தினேன். விவசாயிகளிடம் சோளம் வாங்குகிற சின்ன இடம். முகாமையாளர் ரொஹான் மாத்தளை டவுனிலிருந்து வாரத்தில் ஒரு நாள்தான் வருவார். மற்ற நாளெல்லாம் எதைக் கேட்டாலும், "ஷிரானி மிஸ்ஸக் கேளுங்க" என்பார்கள்.

இன்ஷாப் வந்த பிறகு அந்தப் பேச்சு நின்றுபோயிற்று.

அவன் எங்களுடைய வெளிக்கள உத்தியோகத்தர். உக்குவளை ஆள், இருபத்தொன்பது வயது. வேலையில் கெட்டிக்காரன், அதை நான் மறுக்கவில்லை. அவனுக்கு இருந்த வியாதி திருத்துவது. நான் போட்ட திகதியைத் திருத்துவான். நான் அடுக்கச் சொன்ன மூடைகளை இறக்கி வேறு விதமாக அடுக்குவான். ஒரு விவசாயியோடு நான் பேசிக்கொண்டிருந்தால் இடையில் புகுந்து, "மிஸ் சொல்ல வாறது என்னன்னா" என்று ஆரம்பிப்பான். நான் சொல்ல வந்தது என்ன என்று எனக்குத் தெரியாதா, சேர்?

பெப்ரவரியில் நான் எழுதி ஒட்டிய அறிவித்தல் ஒன்றைப் படம் பிடித்து, பிழைகளைச் சிவப்பில் வட்டம் போட்டு, கந்தோர் வட்ஸ்அப் குரூப்பில் போட்டான். கீழே, "மிஸ்ஸுட சிங்களம்" என்று ஒரு வரி. சிரிக்கிற முகங்கள் பதினொன்று வந்தன. அதில் ஒன்று ரொஹான் போட்டது. அடுத்த நாள் காலையில் என் மேசைக்கு வந்து, "பகிடிக்குத்தான் மிஸ் போட்டேன், மனசுல வச்சுக்கிறாதீங்க" என்றான். கவனியுங்கள். அவமானத்தை எல்லாரும் பார்க்கிற இடத்தில் போட்டவன், மன்னிப்பை யாரும் இல்லாத நேரம் பார்த்துக் காதோடு சொல்லிவிட்டுப் போனான்.

நான் ரொஹானிடம் முறைப்படி சொன்னேன். அவர் ஒரு நாள் வகுப்பொன்றுக்கு ஏற்பாடு செய்தார். டவுனில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில், வேலையிடத்துக் கஷ்டமான ஆட்களைச் சமாளிப்பது எப்படி என்று. அனுப்பியது என்னை. கோபம் வந்தால் பதில் பேசாமல் தண்ணீர் குடியுங்கள் என்று படிப்பித்த பெண் சொன்னாள். ஏழு மாதம் நான் தண்ணீர் குடித்தேன், சேர். அவன் திருத்திக்கொண்டே இருந்தான்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். மூன்று பத்துக்குக் கந்தோர் போன் அடித்தது. பேசியது, குளக்கட்டுப் பக்கம் பயிர் செய்கிற சுமணபால. வெள்ளிக்கிழமைதோறும் இன்ஷாப் வீட்டுக்குப் பைக்கில் போவது அந்தக் குளக்கட்டுப் பாதையால்தான். மெயின் ரோட்டால் போனால் முக்கால் மணித்தியாலம் கூடப் பிடிக்கும். யானை வேலி இரண்டு இடத்தில் அறுந்து கிடக்கிறது என்றார் சுமணபால. தனியன் யானை ஒன்று பாதையோரப் பற்றைக்குள் நிற்கிறதாம். காலையில் ஒரு மாட்டைக் குத்திப் போட்டுவிட்டதாம். இன்ஷாப் மாத்தயாவுக்குக் கோல் போகவில்லை, அவரை இன்றைக்கு இந்தப் பக்கம் விட்டுவிடாதீர்கள் என்றார். சரி என்றேன்.

நீங்கள் நினைப்பதுபோல அப்போதே நான் ஒன்றும் முடிவெடுக்கவில்லை. செய்தியை ஒரு துண்டுக் கடுதாசியில் எழுதினேன். அவன் சோளக் களஞ்சியத்தில் மெஷின் சத்தத்துக்குள் நின்றான். வந்ததும் கொடுக்கலாம் என்று துண்டைக் கையிலேயே வைத்திருந்தேன். நாலேகாலுக்கு ஹெல்மட்டோடு வந்தான். நான் வாயைத் திறக்குமுன் அவன் பேசினான்.

"மிஸ், திங்கக்கிழம ஒட்டுற நோட்டீஸ இனி நானே எழுதிர்றேன். நீங்க அதோட மல்லுக்கட்ட வேணாம்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். உதவி செய்வதாக நினைத்திருப்பான். பதினாறு வருஷமாக நான் எழுதி வந்த அறிவித்தல். துண்டை இரண்டாக மடித்து என் ஹேண்ட்பேக்கில் போட்டேன்.

"சரி, பாத்துப் போங்க" என்றேன்.

நாலரைக்கு அவனுடைய மனைவி றிப்கா கோல் எடுத்தாள். அவளுக்கு அப்போது ஏழு மாதம்.

"மிஸ், அவங்க கெளம்பிட்டாங்களா? போன் போகுதில்ல."

"கெளம்பிட்டாரு மகள். இருட்ட முந்தி வந்துருவாரு."

அவள் எனக்கு நன்றி சொன்னாள். நல்ல பிள்ளை.

ஆறு மணிக்குச் சுமணபாலதான் அவனைக் கண்டது. பைக் பாதையிலேயே கிடந்தது. அவன் சோளத்துக்குள் வெகுதூரம் தள்ளி, உயிரில்லாமல் கிடந்தான். அன்றிரவே எனக்குக் கோல் எடுத்து, "ஏன் மிஸ் சொல்லவில்லை?" என்று சிங்களத்தில் திரும்பத் திரும்பக் கேட்டார். மறந்துபோனேன் என்றேன். பொலிஸில் உங்களுக்கும் அப்படித்தான் எழுதித் தந்தேன். வேலை அவசரத்தில் ஒரு கோலை மறப்பது யாருக்கும் நடக்கும் என்று ரொஹானும் எனக்காகப் பேசினார்.

ஆனால் நீங்கள் இப்போது கேட்பது நாலு நாற்பதுக்கு என் கைபேசிக்கு வந்த கோலைப் பற்றி. ஐம்பது விநாடி என்று போன் கம்பனி தந்த அந்தக் கடுதாசியில் இருக்கிறது. இருக்கட்டும், சொல்கிறேன்.

அது இன்ஷாப். குளக்கட்டில் ஏறுகிற மதகடியில் கொஞ்சம் சிக்னல் கிடைக்கும்.

"மிஸ், ரோட்டுல புதுசா யான லத்தி கெடக்கு. கொப்பெல்லாம் முறிஞ்சிருக்கு. இந்தப் பக்கத்துல இருந்து யாராச்சும் கோல் எடுத்தாங்களா?"

"யாரும் எடுக்கல்ல" என்றேன். "அது விடியக்காலையிலயே காட்டுக்குப் போயிருக்கும். நீங்க போங்க, வீட்டுல பாத்துக்கிட்டு இருக்காங்க."

பைக் நின்ற இடத்தில் உறுமிக்கொண்டிருந்தது. இல்லை மிஸ், அது அப்படியில்லை மிஸ் என்று தொடங்குவான் என்றுதான் காத்திருந்தேன்.

"மிஸ் சொன்னா சரிதான்" என்றான்.

என் வார்த்தையை அவன் திருத்தாமல் எடுத்துக்கொண்டது அந்த ஒரு தடவைதான். அந்த நிமிஷமே நான் அவனை மன்னித்துவிட்டேன், சேர். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.